உற்றவள் சொல்லும் ஆய்வாளர் செவியும்

திருக்குறளின் மருந்து அதிகாரம், மருத்துவத்தை நான்கு உறுப்புகளாகப் பகுத்துக் காட்டி நிறைவுறுகின்றது. நோயுற்றவன், அதனைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து துணைசெய்பவன் என்பன அந்நான்கு. வகுப்பறையில் இப்பகுதியை நடத்தும் ஆசிரியர் பலரும் பகுப்பின் நிறைவை எடுத்துக்காட்டுவர். அதன் வரிசைமுறையும் அதே அளவு எண்ணத்தக்கது. மருத்துவனையும் மருந்தையும் பின்னிறுத்தி, உற்றவனை முதற்கண் வைத்தார் வள்ளுவர். நோயின் தொடக்கத்தையும் போக்கையும் தன் உடலிலேயே கண்டவன் அவன். மற்றவர் அறிய வேண்டியவற்றுக்கெல்லாம் முதல் ஊற்று அவன் வாய்ச்சொல்லே ஆகும்.

‘உற்றவன்’ என்னும் ஆண்பாற் சொல்லை ‘உற்றவள்’ என்று மாற்றிப் படித்தாலும் குறளின் பொருள் கெடாது. ஆயினும், நோயுற்ற பெண்ணின் சொல்லை முதற்சான்றாக ஏற்கும் வழக்கம் ஆய்வுலகில் மிகப் பிந்தியே தோன்றியது. உழைக்கும் பெண்ணின் சொல் அவ்விடத்தைப் பெறுதற்கு இன்னும் கூடுதலான காலம் ஆயிற்று.

பெண்டிர் உடல்நல ஆய்வில் பல துறையினரும் ஒன்றுகூட வேண்டும் என்பது இக்காலத்தில் யாவரும் உடன்படும் கருத்து. மருத்துவர், நச்சியல் அறிஞர், சமூகவியலார், புள்ளியியலார், சட்ட வல்லுநர் ஆகியோர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்தால் கூட்டாய்வு உருவாகிவிடும் என்று கருதுவாரும் உளர். இக்கருத்து ஆராயத்தக்கது. கூட்டாய்வை மதிப்பிட மூன்று வினாக்கள் வேண்டும். ஆய்வுக்குரிய வினாவை எழுப்பியவர் யார்? அவ்வினா எம்மொழியில் கேட்கப்பட்டது? கிடைத்த முடிவு யாரிடம் சென்று சேர்ந்தது? மலேசியத் தோட்டங்களில் களைக்கொல்லி தெளித்த பெண்களைப் பற்றிய ஆய்வுகளை இவ்வளவுகோல் கொண்டு நோக்கும்போது, கூட்டாய்வின் ஆற்றலும் குறையும் ஒருங்கே புலனாகும்.

பினாங்கில் கூடிய இழைகள்

மலாயா வந்த தமிழர்க்குப் பினாங்குத் துறைமுகம் ஒரு தலைவாயிலாக விளங்கியது. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறியோர் பலர் கரை சேருமுன், ஜெரெஜாக் தீவின் தனிமைப்படுத்தும் நிலையத்தில் தங்க நேர்ந்தது. தொற்றுநோய் நாட்டுக்குள் புகாமற் காப்பதே அந்நிலையத்தின் பணி. வந்தவரின் உடலால் பிறர்க்கு ஊறு நேருமா என்பதே அங்கு எழுந்த வினா. வந்தவர் செய்யப்போகும் தொழிலால் அவருடலுக்கு என்ன ஊறு நேரும் என்னும் வினா வலுப்பெறப் பல்லாண்டுகள் ஆயின. அவ்வினாவை உரக்கக் கேட்டோர் பலர் அதே பினாங்கை இருப்பிடமாகக் கொண்டது கருதத்தக்கது.

எஸ். எம். முகமது இத்ரிஸ் நெடுங்காலம் தலைமையேற்று நடத்திய பினாங்கு பயனீட்டாளர் சங்கம், விலைவாசியோடும் எடைமோசடியோடும் நின்றுவிடாமல், உணவிலும் உழைப்பிலும் கலக்கும் நஞ்சைப் பற்றியும் பேசியது. 1982-இல் பல நாட்டு இயக்கத்தினர் பினாங்கில் கூடி, ‘பான்’ என்று சுருக்கமாக வழங்கும் பூச்சிக்கொல்லிச் செயலியக்க வலையமைப்பைத் தோற்றுவித்தனர். அதன் ஆசிய பசிபிக் பிரிவு பின்னர் இங்கிருந்தே இயங்கிற்று. 1991-இல் உருவான தாய்ப்பாலூட்டலுக்கான உலகக் கூட்டணியும் தன் செயலகத்தைப் பினாங்கிலேயே அமைத்துக்கொண்டது. டி.டி.டி. போன்ற நஞ்சுகள் உடற்கொழுப்பில் தங்கித் தாய்ப்பாலிலும் கலப்பதை அறிந்தவர்க்கு, நஞ்சைப் பற்றிய இயக்கமும் பாலைப் பற்றிய இயக்கமும் ஓரூரில் வளர்ந்தது பொருத்தமாகவே தோன்றும்.

மறுபுறம், 1969-இல் நிறுவப்பெற்ற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இத்தீவில் உள்ளது. 1970-களின் இறுதியில் அங்குத் தோன்றிய ‘கானித்தா’ என்னும் ஆய்வுப்பணி, பெண்களைப் பற்றிய சமூக ஆய்வுக்கு ஒரு களத்தை அமைத்தது. 1994-இல் தேசிய நச்சு மையமும் அதே பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பெற்றது. ஆக, இயக்கம், சமூகவியல், மருந்தியல், நச்சியல் என்னும் இழைகள் யாவும் சில கல் தொலைவுக்குள் கிடந்தன.

ஆயின் இழைகள் அருகருகே கிடப்பதால் மட்டும் ஆடை நெய்யப்படுவதில்லை. நாட்டின் ஆட்சியமைப்பிலேயே ஒரு பிளவு இருந்தது. 1974-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் வேளாண்மைத் துறையைச் சார்ந்தது. தொழிலிடப் பாதுகாப்பு, 1994-ஆம் ஆண்டின் சட்டத்திற்குப் பிறகும், மனிதவளத் துறையின் பொறுப்பு. நோய் சுகாதாரத் துறைக்குரியது. தோட்டத்து மருந்தகமோ நிர்வாகத்தின் கீழ் இருந்தது. அங்குப் பணியாற்றிய ‘டிரசர்’ நிர்வாகத்திடம் ஊதியம் பெற்றவர். நஞ்சு ஒரு துறைக்கும், வேலை இன்னொரு துறைக்கும், நோய் மற்றொரு துறைக்கும் பங்கிடப்பட்ட நிலையில், இம்மூன்றும் ஒருங்கே சந்தித்த இடம் மருந்து தெளிக்கும் பெண்ணின் உடல் ஒன்றே.

மருந்து என்னும் சொல்

ரப்பர் மரங்கள் குறைந்து செம்பனை பெருகியபோது தோட்டத்து வேலையின் முகமும் மாறியது. பால்வெட்டுக்குப் பழகிய கைகள் பல, முதுகிற் சுமக்கும் தெளிப்பானைப் பிடிக்கலாயின. களைக்கு நஞ்சு தெளிக்கும் வேலையில் பெண்கள் பெருந்தொகையினராக ஈடுபடுத்தப்பட்டனர். வெப்பமும் ஈரமும் மிக்க காட்டில், முகமூடியும் கையுறையும் அணிந்து மணிக்கணக்கில் நடப்பது அரிது. அவை வழங்கப்படாத இடங்களில் அவ்வாய்ப்பும் இல்லை.

இவ்வேலைக்குத் தோட்டத் தமிழர் இட்ட பெயர் ‘மருந்து அடித்தல்’ என்பது. தமிழகத்துச் சிற்றூர்களிலும் ‘பூச்சி மருந்து’ என்றே வழங்கக் காணலாம். பயிரின் நோக்கில் அது மருந்து; தெளிப்பவளின் நோக்கில் அது நஞ்சு. வேலையிடுவோரின் நோக்கே மொழியில் நிலைத்துவிட்டமைக்கு இஃதொரு சான்று. டிரசர் கையில் தரும் மாத்திரைக்கும், முதுகிலிருந்து வழியும் திரவத்திற்கும் ஒரே பெயர் அமைந்துவிட்டது. பெயர் ஐயத்தைத் தணிக்கும் ஆற்றலுடையது. மருந்து என்று அழைக்கப்பட்டதொன்று கொல்லும் என்று நம்புதற்கு மனம் எளிதில் இசைவதில்லை.

சொல்லின் தீங்கு இதனோடு முடியவில்லை. ஒரே சொல்லுக்குள் பல வேறு நஞ்சுகள் ஒளிந்துகொண்டன. பாராகுவாட் என்னும் களைக்கொல்லி, தோலையும் நகத்தையும் கண்ணையும் அரிக்கும். மூக்கிலிருந்து குருதி வடியச் செய்யும். சிறிதளவு உட்சென்றாலும் நுரையீரலைச் சிதைத்து உயிர்வாங்கும். அதற்கு மாற்று மருந்து கண்டறியப்படவில்லை. ஆர்கனோபாஸ்பேட் வகையைச் சேர்ந்த பூச்சிக்கொல்லிகளோ நரம்பைத் தாக்குவன. அவற்றின் தாக்கத்தை இரத்தத்திலுள்ள கோலினெஸ்டரேஸ் என்னும் நொதியின் அளவைக் கொண்டு அறியலாம். அதே சோதனை பாராகுவாட்டின் தாக்கத்தைக் காட்டாது. அதற்குச் சிறுநீரை ஆராய வேண்டும். எனவே எந்தச் சோதனையைச் செய்வது என்று நச்சியலார் முடிவுசெய்யுமுன், எந்த மருந்தை அடித்தாள் என்பதைத் தெளிப்பவளிடம் கேட்டறிந்தாக வேண்டும். அவளுக்கு வேதியியற் பெயர் தெரியாது. உறையிலுள்ள அயல்மொழி எழுத்தும் பயன்படாது. ஆயினும் அந்த நீர்மத்தின் நிறத்தையும் நாற்றத்தையும், அது பட்ட இடத்தில் தோன்றிய எரிச்சலையும் அவள் துல்லியமாகச் சொல்ல வல்லவள். பாராகுவாட்டில் நீலப்பச்சை நிறமும் கடுநாற்றமும் எச்சரிக்கைக்காகவே சேர்க்கப்படுகின்றன என்பதை அறிந்த ஆய்வாளர்க்கு அச்சொல்லே பெருஞ்சான்று.

பெண்ணுக்கே உரிய நோய்களைப் பற்றிக் கேட்கும்போது மொழியின் இடர் இன்னும் மிகுகின்றது. மாதவிடாயை ‘வீட்டுக்குத் தூரம்’ என்றும், கருவுற்றிருத்தலை ‘முழுகாமல் இருத்தல்’ என்றும் கூறும் மரபில் வளர்ந்தவள், ‘உமக்கு இனப்பெருக்க உறுப்புகளில் கோளாறு உண்டா?’ என்னும் வினாவுக்கு ‘இல்லை’ என்றே விடையிறுப்பாள். வெள்ளைபடுதலை ‘வெட்டை’ என்றும் அதன் காரணத்தை ‘உடம்புச் சூடு’ என்றும் அவள் கூறினால், சூடு என்பதை அறியாமை என்று தள்ளிவிடும் மருத்துவர், அதனோடு சேர்த்து நோய்க்குறியையும் தள்ளிவிடுகின்றார். அந்த ‘இல்லை’ என்னும் விடை அட்டவணையில் ஏறும், அட்டவணை புள்ளிவிவரமாகும், புள்ளிவிவரம் நோயே இல்லை என்று சான்றுரைக்கும். மொழியில் நேர்ந்த பிழை இவ்வாறு அறிவியல் முடிபாக உருமாறிவிடும்.

இரு நூல்கள், இரு தலைப்புகள்

இப்பின்னணியில் இரு நூல்கள் கருதத்தக்கன. முதலாவது, வசந்தி ஆறுமுகம் எழுதி 1992-இல் வெளிவந்த, மலேசியப் பெண் பூச்சிக்கொல்லித் தொழிலாளர் பற்றிய ஆய்வு. ‘குரலற்ற பலிகள்’ என்று அதன் ஆங்கிலத் தலைப்பைத் தமிழாக்கலாம். இரண்டாவது, 2002-இல் வெளிவந்த, தோட்டங்களில் பூச்சிக்கொல்லி நச்சேற்றம் பற்றிய ஆய்வு. ‘நஞ்சேற்றப்பட்டோர், வாயடைக்கப்பட்டோர்’ என்பது அதன் தலைப்பின் பொருள். இரண்டையும் ஐரீன் பெர்னாண்டஸ் நிறுவிய தெனாகானித்தா என்னும் அமைப்பும், பினாங்கைச் சேர்ந்த பான் ஆசிய பசிபிக் பிரிவும் இணைந்து வெளியிட்டன.

பத்தாண்டு இடைவெளியில் தலைப்பு அடைந்த மாற்றமே ஒரு சிந்தனை மாற்றத்தை உணர்த்துகின்றது. ‘குரலற்றவர்’ என்னும்போது குறை அப்பெண்களிடத்தே இருப்பதாகப் பொருள்படும். அவர்க்காகப் பேச வேறொருவர் தேவை என்னும் கருத்தும் அதனுள் அடங்கும். ‘வாயடைக்கப்பட்டவர்’ என்னும்போதோ, அவர்க்குக் குரல் உண்டு என்பதும், அதனை அடைத்தவர் ஒருவர் உண்டு என்பதும் பெறப்படும். செயப்பாட்டு வினை, மறைந்துநிற்கும் எழுவாயைத் தேடுமாறு தூண்டுகின்றது. இலக்கணம் பயிலும் மாணவர் இவ்விரு தலைப்புகளையும் ஒப்பிட்டு எண்ணுதல் நலம்.

முன்னர்க் கூறிய அளவுகோலால் நோக்கின், இவ்வாய்வுகளின் முதற் சிறப்பு, வினா தோட்டத்திலிருந்தே எழுந்தமை. ஆய்வுக்கூடம் ஒன்றில் பிறந்து தோட்டத்தில் ஆள் தேடிய வினா அன்று அது. தொழிலாளர் இயக்கத்தினர் பெண்களோடு பழகி, அவர்தம் முறையீடுகளைக் கேட்டு, அவற்றை ஆய்வுப் பொருளாக்கினர். இயக்கத்தின் நெருக்கமும் மருத்துவ அறிவும் ஒன்றை ஒன்று தாங்கி நின்றமையே இம்முயற்சியின் வலிமை.

குறைகளும் மறைக்கத்தக்கன அல்ல. ஆய்வுக்கு உட்பட்டோர் சில தோட்டங்களைச் சேர்ந்த சிறு தொகையினர். வேலை வழங்குவோரின் இசைவின்றித் தோட்டத்துக்குள் ஆய்வு நடத்துதல் அரிது என்பதை எண்ணும்போது அச்சிறுமை விளங்கும். ஆயினும் எண்ணிக்கை சிறிதாயின், எதிர்வாதம் செய்வார்க்கு வாய்ப்பு எளிதாகும். கருச்சிதைவு, மலட்டுத்தன்மை, மாதவிடாய்க் கோளாறு முதலியவற்றுக்கும் நஞ்சுக்கும் உள்ள தொடர்பை நிறுவுதற்குப் பல்லாண்டுப் பின்தொடர்தலும், தெளிக்காத பெண்களோடு ஒப்பீடும் வேண்டும். அதற்குப் பல்கலைக்கழகத்தின் நிதியும் அரசின் பதிவேடுகளும் தேவை. இயக்கத்தினர் தொடங்கிவைத்த பணியைப் பெருநிறுவனங்கள் தொடர்ந்து தாங்கினாலன்றி இத்தகைய ஆய்வு முழுமை பெறாது. மேலும், தமிழிலே சொல்லப்பட்ட நோவுகள் பல ஆங்கில நூலாகவே உலகிற்கு அறிமுகமாயின. உலகின் செவியை எட்ட அது தேவையே. எனினும் சொன்னவளே எடுத்துப் படிக்கும் நிலையில் முடிவு அவளிடம் திரும்பி வருதல் கூட்டாய்வின் கடைசிக் கடமையாகும்.

ஆய்வின் பயன் யாது என்று கேட்பார்க்கு ஆண்டுகளே விடை கூறும். 2002 ஆகஸ்டில், பாராகுவாட்டைப் படிப்படியாக நீக்குவதென மலேசியா அறிவித்தது. 2006-இல் அம்முடிவு தளர்த்தப்பட்டது. 2007-இல் ஐரோப்பிய நீதிமன்றம், உடல்நலத் தீங்கு போதிய அளவு ஆராயப்படவில்லை என்று கண்டு, அங்கு அந்நஞ்சுக்கு வழங்கப்பட்டிருந்த இசைவை நீக்கியது. மலேசியாவில் முழுத்தடை 2020 ஜனவரி 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. முதல் அறிவிப்புக்கும் முழுத்தடைக்கும் இடையே கழிந்தவை பதினேழு ஆண்டுகளுக்கும் மேல். இருபது வயதில் தெளிப்பானைச் சுமந்த பெண் நாற்பதை நெருங்குங் காலம் அது. சான்று கிடைத்தபின்னும் துறைகள் ஒன்றோடொன்று பேசாதிருப்பின், அக்காலத் தாழ்வின் விலையைச் செலுத்துவது உற்றவளின் உடலே.

ஒப்புநோக்கத் தகும் மூன்று முயற்சிகள்

இந்தியாவில் நிகழ்ந்த மூன்று முயற்சிகளை இதனோடு ஒப்புநோக்கலாம். ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், 1928-இல் இந்தியா வந்து, பம்பாய் ஆலைத் தொழிலாளர் உள்ளிட்ட கருவுற்ற பெண்களிடையே காணப்பட்ட கடும் சோகைநோயை ஆராய்ந்தார். மருத்துவம் பயிலுமுன் தாவரவியலும் நிலவியலும் கற்றவர் அவர். குன்னூர் ஆய்வுக்கூடத்தோடும் அவர்க்குத் தொடர்பு இருந்தது. நோயாளியின் இரத்தத்தை மட்டும் ஆராயாமல், அவள் உண்ணும் உணவையும் வாழும் நிலையையும் ஆராய்ந்தார். விலங்குகளிடத்தே சோதனை நடத்தினார். மார்மைட் என்னும் எளிய ஈஸ்ட் சாறு அந்நோயைத் தணிப்பதை 1931-இல் வெளியிட்டார். அவர் உய்த்துணர்ந்த பொருளே பின்னர் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. 1941-இல் அது பசலைக் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. உணவியலும் குருதியியலும் மகப்பேற்று மருத்துவமும் ஒருவர் உள்ளத்தில் கூடியமையின் விளைவு இது. எனினும் வினாவை எழுப்பியவர் மருத்துவரே. சோகையுற்ற பெண்களின் சொற்கள் அவ்வரலாற்றில் இடம்பெறவில்லை.

இரண்டாவது, மராட்டியத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் ராணி பங், அபய் பங் இணையர் மேற்கொண்ட ஆய்வு. இரு சிற்றூர்களைச் சேர்ந்த 650 பெண்களை ஆராய்ந்து, 1989-இல் லான்செட் இதழில் முடிவை வெளியிட்டனர். நூற்றுக்கு 92 பேரிடம் மகளிர் நோய்களுள் ஒன்றேனும் காணப்பட்டது. அவர்களுள் அதற்குமுன் அத்தகைய மருத்துவ ஆய்வுக்கு உட்பட்டிருந்தோர் நூற்றுக்கு 8 பேரே. நோய் புதிதன்று, கேட்கப்பட்டதே புதிது. மகப்பேறும் குடும்பக் கட்டுப்பாடுமே பெண்ணின் உடல்நலம் என்று அரசுத் திட்டங்கள் எண்ணியிருந்த காலத்தில், பெண் தாயாகும் வேளையில் மட்டும் நோயாளி அல்லள் என்பதை அவ்வாய்வு நிறுவிற்று. ஆய்வாளர் அவ்வூர்ப் பகுதியிலேயே வாழ்ந்து நம்பிக்கையைப் பெற்றிராவிடின் அவ்வெண்கள் வெளிப்பட்டிரா.

மூன்றாவது, திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கை மருத்துவ நிலையத்தாரும், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் முதலிய நிறுவனங்களும், பிரான்சிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் இணைந்து நடத்திய முயற்சி. கருப்பைவாய்ப் புற்றுநோயை, வினிகரின் சாரமான அசெட்டிக் அமிலத்தைத் தடவிக் கண்ணால் நோக்கி அறியும் எளிய முறையைச் செவிலியர்க்குக் கற்பித்தனர். 30 முதல் 59 வயது வரையுள்ள 31,343 பெண்கள் சோதிக்கப்பட்டனர். சோதனைக்கென ஒதுக்கப்பட்ட பகுதிகளில் அந்நோயால் நேரும் இறப்பு 35 விழுக்காடு குறைந்ததென 2007-இல் அறிவிக்கப்பட்டது. பெருங்கருவிகளும் நோய்க்கூற்று வல்லுநரும் இல்லாத ஊரில் செவிலியரின் கண்ணும் பேச்சும் உயிர்காத்தன. ஆயின் ஒப்பீட்டுக்காக ஒதுக்கப்பட்ட பெண்கட்கு அச்சோதனை அளிக்கப்படாமை பின்னர் அறநெறி வினாக்களை எழுப்பிற்று. இசைவுப் படிவத்தில் பெருவிரல் பதிக்கும் பெண்ணுக்கு, தான் எதற்கு இசைகின்றாள் என்பது அவள் மொழியில் விளங்கிற்றா என்னும் வினா எல்லாக் கூட்டாய்வுக்கும் பொதுவானது.

இலக்கியத்தின் சாட்சி

ஆய்வாளர் வருமுன்னரே எழுத்தாளர் இக்களத்திற்கு வந்துவிட்டனர் என்பதையும் கூறியாக வேண்டும். புதுமைப்பித்தன் 1930-களில் எழுதிய ‘துன்பக்கேணி’, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குச் சென்ற மருதியின் கதை. தோட்டத்து அதிகாரம் அவள் உடலில் நோயாகவே பதிவதை அது காட்டுகின்றது. வறுமை, இடப்பெயர்ச்சி, அதிகாரம், நோய் ஆகிய நான்கும் ஒரு பெண்ணிடம் ஒன்றுகூடும் முறையை எந்த மருத்துவ அறிக்கையும் அக்காலத்தில் இவ்வளவு இணைத்துக் கூறியிருத்தல் அரிது.

ராஜம் கிருஷ்ணனின் நெறி இன்னொரு வகை. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரிடையே நேரிற் சென்று பழகி ‘கரிப்பு மணிகள்’ என்னும் நாவலை எழுதினார். களத்தில் தங்கிக் கேட்டறிந்து எழுதும் அவர் முறை, சமூகவியலார் மேற்கொள்ளும் கள ஆய்வுக்கு மிக நெருங்கியது. புனைவு, ஆய்வின் இடத்தைக் கொள்ளாது; நொதியின் அளவை நாவல் கூறவியலாது. ஆனால் எதைக் கேட்க வேண்டும், எச்சொல்லால் கேட்க வேண்டும் என்பதை ஆய்வாளர்க்கு உணர்த்த வல்லது அது.

இந்நோக்கில் மலேசியத் தமிழ்ப் புனைகதையும் தன்னை வினவிக்கொள்ள வேண்டியுள்ளது. பால்மரமும் பனிவிழும் விடியலும், கங்காணியின் அதட்டலும் கள்ளுக்கடையின் சீரழிவும் தோட்டக் கதைகளில் அழுத்தமாக இடம்பெற்றுள்ளன. முதுகிலே நஞ்சைச் சுமந்து செம்பனைக் காட்டில் நடந்தவள் அவ்வளவு அழுத்தம் பெற்றனளா? அவள் விரல்நகம் கழன்றதும், சமைத்த சோற்றைக் கையால் எடுத்துண்ண அஞ்சியதும், கருவுற்ற மாதத்திலும் வேலைக்குச் சென்றதும் கதைப்பொருளாதற்கு உரியன அல்லவா? வீழ்ந்த கண்ணீரை எழுதியோர், அக்கண் எரிந்ததன் காரணத்தையும் எழுதுதல் கடன்.

உழைச்செல்வார் யார்?

இக்கட்டுரைப் பொருளில் தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் என்ன பங்கு என்று வினவலாம். மருத்துவரும் நச்சியலாரும் தத்தம் கருவிகளோடு வருவர். அவர்கள் கொண்டுவர இயலாத கருவி ஒன்று உண்டு. அஃது உற்றவளின் மொழி. வினாப்பட்டியலை மொழிபெயர்ப்பது எழுத்தரின் பணியென்று ஆய்வுலகம் கருதிவந்தது. ‘மருந்து’, ‘சூடு’, ‘தூரம்’ என்னும் சொற்களின் ஆழத்தை அறிந்தவர்க்கே அது எவ்வளவு நுண்ணிய பணி என்பது விளங்கும். ஆய்வு தொடங்குமுன் மொழியறிந்தாரை அழைத்தல் வேண்டும். முடிந்தபின் அறிக்கையைத் தமிழாக்க மட்டும் அழைத்தல் போதாது.

தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றிய ஆசிரியர்கள், மருந்தடித்துத் திரும்பிய தாய்மாரின் பிள்ளைகளுக்கே எழுத்தறிவித்தனர். தோட்டத்தாரின் விண்ணப்பங்களையும் கடிதங்களையும் எழுதிக்கொடுத்தோரும் அவர்களுள் உண்டு. தோட்டங்கள் கலைந்து குடும்பங்கள் நகர்ப்புறம் பெயர்ந்துவிட்ட இக்காலத்தில், அத்தலைமுறைப் பெண்கள் முதுமை அடைந்துவிட்டனர். உடல்நோவுக்கும் தொழில்நோவுக்கும் அவர்கள் வழங்கிய சொற்களைத் தொகுத்தல், அவர்தம் வேலைவரலாற்றை ஆண்டுவாரியாக எழுதிவைத்தல், எந்தத் தோட்டத்தில் எந்நிறத்து மருந்தை அடித்தனர் என்று குறித்தல் ஆகியன மாணவரும் மேற்கொள்ளத்தக்க பணிகளே. அவ்வாறு தொகுக்கப்பட்ட குறிப்பேடு மொழியியலார்க்குச் சொற்களஞ்சியம், நச்சியலார்க்கு நச்சேற்றப் பதிவேடு, வரலாற்றார்க்கு மூலச்சான்று. ஒரே ஏடு மூன்று துறைக்கும் பயன்படும் இவ்விடத்திலேயே மெய்யான கூட்டாய்வு தொடங்குகின்றது.

இன்னுமொன்று எண்ணத்தக்கது. இன்று மலேசியத் தோட்டங்களில் உழைப்போருட் பெரும்பாலோர் இந்தோனேசியா, வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து வந்தோர். பாராகுவாட் தடுக்கப்பட்டது, வேறு களைக்கொல்லிகள் தெளிக்கப்படுகின்றன. தெளிப்பவளின் மொழி மாறியிருக்கலாம். அவள் நிலை பெரிதும் மாறியதாகக் கூறவியலாது. தமிழ்ப் பெண்ணின் சொல் கேட்கப்படுதற்கு எத்துணைக் காலமாயிற்று என்பதை அறிந்த சமூகம், இன்றைய அயலவளின் சொல்லும் அவள் மொழியிலேயே கேட்கப்பட வேண்டும் என்று கூறுதற்கு முதல் உரிமை உடையது.

வள்ளுவர் கூறிய நான்காம் உறுப்பினன் உழைச்செல்வான், அருகிருந்து துணைசெய்பவன். உரையாசிரியர் பரிமேலழகர் நான்கு உறுப்பிற்கும் தனித்தனியே தகுதிகள் வகுத்துக் கூறுவார். மருத்துவன் வந்து செல்வான். அருகிருப்பவனோ நோயுற்றவனின் முனகலையும் கேட்பவன், அதன் பொருளை அறிந்து மருத்துவனுக்கு உணர்த்துபவன். ஆய்வாளர் குழுவில் அவ்விடம் நெடுங்காலம் வெறுமையாகவே இருந்துவந்தது. அதனை நிரப்புதற்கு வேண்டிய மொழியறிவும் பொறுமையும் தமிழ் கற்பிப்போரிடத்தும் கற்போரிடத்தும் உள. உற்றவள் சொல்லத் தொடங்கிப் பல காலம் ஆயிற்று. அருகிருந்து கேட்டு, கேட்டதைப் பிழைபடாமல் எடுத்துச் சொல்வார் அமைந்தால், ஏனைய துறைகள் கூடுதற்குரிய இடம் அவள் அருகிலேயே அமையும்.